பேரேட்டில் யார் பேர்?

புளியந்தோப்பில் ஷேர் ஆட்டோ ஏறினால், சில்லறை தேடி எடுப்பதற்குள் வியாசர்பாடி வந்துவிடும். அங்கே 2006-ல் போலீஸ் ஸ்டேஷனுக்கு அடிக்கடி இழுத்துச் செல்லப்பட்ட ஓர் அரவாணி (அன்று அப்படித்தான் சொல்வோம்) கொடுமை தாங்காமல் தீக்குளித்துச் செத்துப்போனார். அக்கிரமம் என்று சகோதரி கோர்ட்டுக்குப் போக, 2007-ல் சென்னை ஹைகோர்ட் ஐந்து லட்சம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

இந்த 'ஸ்டேஷன் சகவாசம்' ரொம்பப் பழசு, சார்! 1871-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டு, வட இந்தியாவில் இவர்கள் பேர், விலாசமெல்லாம் ரிஜிஸ்தரில் ஏற்றினான். பேர் ஏறியவர் பெண் உடையில் தெருவுக்கு வந்தால் இரண்டு வருஷம் வரை ஜெயில். ஆடினாலும் அதேதான். (கல்யாண ஊர்வலத்தில் ஆடும் நம்ம மாமாக்கள் தப்பித்தார்கள்!)

ஆக, இவர்களைப் பற்றி அக்கறையாக எழுதிவைத்தது போலீஸ்தான்! பேனாவைப் பிடுங்கியவர்களில் முக்கியமானவர் நாமக்கல் பக்கத்து ஏ.ரேவதி. திருநங்கைகளைத் தேடிப்போய், அடி, உதை, ஆசை, காதல் எல்லாவற்றையும் அவரவர் வாயாலேயே சொல்லவைத்து 'உணர்வும் உருவமும்' என்று தொகுத்தார். அப்புறம்தான் தன் கதையை எழுதினார். 2010-ல் அது இங்கிலீஷில் வந்தது.

2014-ல் 'பன்மை' நாடகக்குழு. லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர்... மூன்று பேரும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே மேடையில் நடித்துக் காட்டினார்கள்.