எல்டர்பெரி: முன்பக்கப் பெயரை நம்பி வாங்காதீர்கள்

1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டெரி வட்டாரத்தில் ஒரு குழுவினர் காட்டு எல்டர் பழங்களை, அதாவது எல்டர்பெரியைப் பிழிந்து சாறு குடித்தார்கள். கால் மணி நேரத்தில் பதினொரு பேருக்குக் குமட்டலும் வாந்தியும் வந்தன. எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து தம்ளர் குடித்தவர் நினைவு மங்கிப்போய் ஓர் இரவு அங்கேயே தங்கினார். நல்லவேளை, எல்லாரும் பிழைத்தார்கள். பழத்தோடு இலையையும் கிளையையும் சேர்த்து நசுக்கியதுதான் வினையானது.

எல்டர் செடியின் இலை, தண்டு, விதை, பழுக்காத காய் எல்லாவற்றிலும் உடலுக்குள் சயனைடை வெளிவிடும் பொருள்கள் உண்டு. ஐரோப்பாவில் பழத்தைக் கொதிக்கவைத்தே ஜாமும் சிரப்பும் செய்கிறார்கள். தண்டின் நெட்டியை நோண்டிவிட்டு ஊதுகுழலாக வாயில் வைத்த குழந்தைகளும் நஞ்சுக்கு ஆளானதுண்டு.

குழலுக்கும் இந்தச் செடிக்கும் பழைய உறவு. எல்டரின் தாவரவியல் பெயர் சாம்புகஸ் நைக்ரா. இதில் சாம்புகஸ் என்பதைப் பண்டைய கிரேக்க இசைக்கருவி ஒன்றின் பெயரோடு தொடர்புபடுத்துவார்கள். நைக்ரா என்றால் கறுப்பு, பழத்தின் நிறம். எல்டர் என்பதை 'மூத்தவர்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறொரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

பொதுப் பெயரோ ஆளை ஏமாற்றும். 'பாக்ஸ் எல்டர்' ஒரு மேப்பிள் மரம். அதன் விதையைத் தின்ற குதிரைகள் தசைநோயால் செத்திருக்கின்றன. 'கிரவுண்ட் எல்டர்' கேரட் குடும்பத்துக் கீரை. 'டுவார்ஃப் எல்டர்' உண்மையிலேயே சாம்புகஸ்தான், ஆனால் நச்சுப் பழம் கொண்ட எபுலஸ் இனம். நம் ஊர்த் தோட்டங்களில் மஞ்சள் மணிகளாகப் பூக்கும் டெகோமா ஸ்டான்ஸுக்கும் 'எல்லோ எல்டர்' என்றே பெயர். இணையத்தில் மருந்துக் குறிப்பு தேடுகிறவர் எந்த எல்டரில் போய் முட்டுவாரோ!

இந்தியாவில் எல்டர்பெரி பெரும்பாலும் 'கம்மி' என்னும் மெல்லும் மிட்டாயாகவும் சிரப்பாகவும் விற்கிறது. லேபிளில் 'சாம்புகஸ் நைக்ரா' என்ற தாவரவியல் பெயர் இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். துணை உணவாக விற்றால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும் இருக்க வேண்டும். சளிக்காய்ச்சலில் அது உதவுமா என்ற ஆய்வுகளின் முடிவுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆகவே 'நோயைக் குணப்படுத்தும்' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 53ஆம் பிரிவில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ரசீதையும் புட்டியையும் தூக்கி எறியாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பச்சைப் பழமோ இலையோ சாப்பிட்டு வாந்தி, மயக்கம் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். சாப்பிட்டதில் மிச்சம் இருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.