விற்க எதுவும் இல்லாத ஆள்

வட கரோலினாவின் ஃபேயட்வில் நகரில் பிராக் புலவார்ட் என்று ஒரு சாலை. ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்துக்குப் போகிற வழி. அடகுக் கடை, பழைய கார் வியாபாரம், மதுக்கூடம் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சாலைதான் பல காலமாக நினைவுக்கு வரும். டெக்சஸின் கில்லீன், கலிஃபோர்னியாவின் ஓஷன்சைடு என்று ராணுவத் தளத்தை ஒட்டி வளர்ந்த மற்ற ஊர்களிலும் இந்தக் கடைகள் உண்டு. காரணம் தெரிந்ததுதான். தளத்துக்குள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் வாழ்க்கையின் முதல் சம்பளம் அது. மாதம் இரண்டு முறை, 1, 15 தேதிகளில் வங்கிக் கணக்கில் வந்து விழும். நினைத்தபடி வேலையை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. கடன் கொடுப்பவருக்கு இதைவிடத் தோதான ஆள் எங்கே கிடைப்பார்?

அதே தளத்துக்குள், குடும்ப நல மையத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெர்சனல் ஃபைனான்சியல் கவுன்சலர் என்பது பதவிப் பெயர். படை வட்டாரத்தில் சுருக்கமாக பிஎஃப்சி. படைவீரரும் குடும்பத்தாரும் அவரிடம் இலவசமாக ஆலோசனை பெறலாம். அவர் காப்பீடு விற்பதில்லை, மியூச்சுவல் ஃபண்டில் ஆள் சேர்ப்பதில்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. சிப்பாயைச் சுற்றி எல்லோரும் எதையாவது விற்றுக்கொண்டிருக்க, விற்பதற்கு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் அவர். அந்த வேலைக்கு மதிப்பு இருக்கிறதென்றால் அது இதனால்தான்.

பெரும்பாலும் சம்பளச் சீட்டில்தான் பேச்சு தொடங்கும். அமெரிக்க ராணுவச் சம்பளச் சீட்டைப் படிப்பதே ஒரு தனி வித்தை. அடிப்படைச் சம்பளத்துக்கு வரி உண்டு. வீட்டு வாடகைப் படிக்கும் சாப்பாட்டுப் படிக்கும் வரி இல்லை. வாடகைப் படி ஊருக்கு ஊர், பதவிக்குப் பதவி மாறும். மனைவி மக்கள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தும் மாறும். விவாகரத்து ஆனதை அலுவலகத்துக்குச் சொல்ல மறந்துவிட்டால் படி கூடுதலாக வந்துகொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் மொத்தமாகப் பிடித்தம் செய்வார்கள். 2025 ஏப்ரலில் கீழ்நிலைப் பதவிகளுக்குத் தனியாக 10 சதவீதம் உயர்த்திய பிறகும், ஆகக் கீழ்ப் படிநிலையில் இருப்பவரின் அடிப்படைச் சம்பளம் அந்த ஆண்டு மாதம் 2,319 டாலராகத்தான் இருந்தது.

இந்தச் சம்பளத்தில் கார் வாங்குவதுதான் ஆலோசகர்களின் நிரந்தரத் தலைவலி. பயிற்சி முடிந்து வெளியே வந்த பையன், வாசலுக்கு எதிரே உள்ள டீலரிடம் 20 சதவீத வட்டிக்கு மஸ்டாங் வாங்குவான் என்பது அமெரிக்கப் படைகளில் பழைய கேலி. கணக்குப் போட்டால் சிரிப்பு நின்றுவிடும். 30,000 டாலர் காரை 20 சதவீத வட்டியில் ஆறு ஆண்டுத் தவணைக்கு எடுத்தால் மாதம் சுமார் 719 டாலர் கட்ட வேண்டும். மேலே சொன்ன அடிப்படைச் சம்பளத்தில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வட்டி மட்டுமே 21,000 டாலரைத் தாண்டும். அதே காரை 7 சதவீதத்துக்கு எடுத்திருந்தால் தவணை 512 டாலரை எட்டாது. ஆலோசகர் இதைத் தாளில் எழுதிக் காட்டுவார். கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள் வந்திருந்தால் உதவியிருக்கும். பெரும்பாலும் அடுத்த மாதம்தான் வருகிறார்கள்.

கார் கடனில் சட்டமும் கை கொடுப்பதில்லை. படைவீரர்களுக்கான கடன் சட்டம் என்று 2006இல் ஒன்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு சம்பள நாள் கடன் கடைகள் தளங்களைச் சுற்றி மொய்த்திருந்தன. 300 டாலர் வாங்கினால் இரண்டு வாரத்துக்குக் கட்டணம் 45 டாலர். ஆண்டுக் கணக்கில் 390 சதவீத வட்டி. அசலைக் கட்ட முடியாமல் கட்டணத்தை மட்டும் கட்டி நான்கு மாதம் தள்ளினால் 360 டாலர் போயிருக்கும், 300 டாலர் அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் போட்ட தமிழ்நாட்டுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அங்கே அது கண்ணாடிக் கதவும் பெயர்ப் பலகையும் வைத்துப் பகிரங்கமாக நடந்தது என்பதுதான் வேறுபாடு. 2005இல் ஸ்டீவன் கிரேவ்ஸ், கிறிஸ்டோபர் பீட்டர்சன் என்ற இரு பேராசிரியர்கள் 20 மாநிலங்களில் இந்தக் கடைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஆராய்ந்து, அவை ராணுவத் தளங்களை ஒட்டிக் குவிந்திருப்பதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பாதுகாப்புத் துறையும் காங்கிரஸுக்கு அறிக்கை கொடுத்தது. கடன், படையின் தயார்நிலையையே கெடுக்கிறது என்பது அதன் சாரம்.

சட்டம் 36 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்தது. ஆனால் 2007இல் வந்த விதிகள், சம்பள நாள் கடன்களில் 91 நாள் வரையிலான, 2,000 டாலருக்கு மேற்படாதவற்றை மட்டுமே பிடித்தன. கடைக்காரர்கள் தவணையை 92ஆம் நாளுக்குத் தள்ளினார்கள், தப்பித்தார்கள். 2015இல்தான் விதிகளை விரித்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். அப்போதும் கார் வாங்கும் கடன் சட்டத்துக்கு வெளியேதான் நின்றது. இன்றும் நிற்கிறது.

கடன் எப்போதும் கடன் முகத்தோடு வருவதும் இல்லை. தளங்களுக்கு அருகே கிளைகள் வைத்திருந்த ஹாரிஸ் ஜுவல்லரி என்ற நகைக்கடை, ராணுவச் சீருடை போட்ட கரடி பொம்மைகளை விற்றது. 'ஆபரேஷன் டெடி பேர்' என்று பெயர். வாங்கினால் அறக்கொடைக்குப் பணம் போகும் என்றார்கள். பொம்மையைப் பார்க்க உள்ளே போன பையன், தவணையில் நகை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். இங்கே கடன் வாங்கினால் கிரெடிட் மதிப்பெண் உயரும் என்று வேறு அவனிடம் சொல்லியிருந்தார்கள். மத்திய வர்த்தக ஆணையமும் 18 மாநிலங்களும் சேர்ந்து போட்ட வழக்கு, 2022இல் கடன் தள்ளுபடியும் பணம் திருப்பித் தருவதுமாக முடிந்தது.

இவ்வளவு இருந்தும் ஆலோசகரிடம் ஏன் தாமதமாக வருகிறார்கள்? பயம். பாதுகாப்பு அனுமதி தரும்போதும் புதுப்பிக்கும்போதும் பார்க்கும் 13 அளவுகோல்களில் பண விவகாரமும் ஒன்று. கடனில் மூழ்கியவனை எதிரி விலைக்கு வாங்கலாம் என்பது அதன் பின்னால் உள்ள தர்க்கம். அனுமதி போனால் பல பிரிவுகளில் வேலையும் போகும். ஆகவே வசூல்காரரின் அழைப்பை எடுக்காமல், மேலதிகாரிக்குத் தெரியாமல், சில சமயம் மனைவிக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டே போவார்கள். ஆனால் அதே விதிகளில், நம்பகமான இடத்தில் நிதி ஆலோசனை பெற்று நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவருவது சாதகமான அம்சம் என்றும் எழுதியிருக்கிறது. அதாவது, அந்த அறைக்குள் நுழைந்ததே வந்தவருக்குத் துணை நிற்கும். இதைச் சொன்ன பிறகுதான் பலர் பையிலிருந்து மிச்சக் காகிதங்களை வெளியே எடுப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

சிப்பாயின் தப்பே இல்லாமல் வருகிற கடனும் உண்டு. இராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது கலிஃபோர்னியா தேசியக் காவல் படையில் ஆள் பற்றாமல், மறுபடி சேர்ந்தவர்களுக்கு 15,000 டாலரும் அதற்கு மேலும் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். தகுதி பார்க்காமல் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடுங்கள் என்று பல ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய 10,000 பேருக்கு ஓலை போனது. 2016இல் செய்தித்தாளில் வந்து நாடே கொதித்த பிறகு பாதுகாப்பு அமைச்சர் வசூலை நிறுத்தினார். 2019 ஜனவரி 15 அன்று, அரசு நிர்வாக முடக்கத்தால் கடலோரக் காவல் படைக்குச் சம்பளமே வரவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் ஆலோசகர் கைகாட்டும் இடம் நிவாரணச் சங்கங்கள். கடற்படைக்கு 1904 முதலும், தரைப்படைக்கு 1942 முதலும் இருக்கின்றன. அவை தரும் கடனுக்கு வட்டி கிடையாது.

ஆலோசகர் பையில் நல்ல செய்திகளும் உண்டு, கேட்கத்தான் ஆள் குறைவு. படையில் சேரும் முன் வாங்கிய கடனுக்கு, பணிக்காலத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. அதற்கு மேற்பட்டது தள்ளிவைக்கப்படுவதில்லை, ரத்தாகிறது. பணி முடிந்து 180 நாள் வரைகூட எழுதிக் கேட்கலாம். ஆனால் எழுதிக் கேட்க வேண்டும். வங்கி தானாக முன்வந்து தரும் என்று காத்திருக்கக் கூடாது. போர்முனையில் இருப்பவர்கள் 10,000 டாலர் வரை போட்டு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி பெறும் அரசுச் சேமிப்புத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. ஓய்வூதியத்தில் 2018இல் பெரிய மாற்றம் வந்தது. அதற்கு முன் 20 ஆண்டு முடிக்காமல் வெளியேறியவருக்கு ஓய்வூதியம் என்று ஒன்றுமில்லை; ஐந்தில் நான்கு பேர் அப்படித்தான் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். இப்போது அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதத்தைச் சேமிப்பில் போட்டால், இரண்டு ஆண்டுப் பணிக்குப் பிறகு அரசும் 5 சதவீதம் போடும்.

இந்த ஆலோசகர்களில் கணிசமானோர் படைவீரர்களின் மனைவிமார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வரும், ஒவ்வொரு முறையும் அவர்கள் வேலை போகும். 2006 முதல், பங்குத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் அறக்கட்டளை இவர்களுக்கு உதவித்தொகை தந்து, அங்கீகாரம் பெற்ற நிதி ஆலோசகர் சான்றிதழ் வாங்க வைக்கிறது. தேர்வு எழுத வேண்டும், 1,000 மணி நேர அனுபவமும் காட்ட வேண்டும். வாடகை முன்பணத்தை இழந்து, புது ஊரில் வேலை தேடி அலைந்த கணக்கு இவர்களுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

விற்க எதுவும் இல்லாதவர் என்ற நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதும் ஒருமுறை தெரிந்தது. படைவீரர் இறந்தால் குடும்பத்துக்கு 1 லட்சம் டாலர் உதவித்தொகையும் காப்பீட்டுப் பணமும் வரும். காப்பீடு முன்பு அதிகபட்சம் 4 லட்சம். 2023 முதல் 5 லட்சம். இருபதுகளில் கணவனை இழந்த பெண்ணின் கணக்கில் திடீரென்று இவ்வளவு பணம். அவர்களுக்கு வழிகாட்டத் தரைப்படை நியமித்த ஆலோசகர்களில் ஒருவர், நியூ ஜெர்சிக்காரர், ரிசர்வ் படையில் மேஜராகவும் இருந்தவர். வெளியே தரகு நிறுவனங்களிலும் வேலை பார்த்ததை ராணுவத்திடம் மறைத்திருந்தார். 2018 மே முதல் 2022 நவம்பர் வரை குடும்பங்களிடமிருந்து 99 லட்சம் டாலருக்கு மேல் வாங்கி, தான் நிர்வகித்த கணக்குகளில் போட வைத்தார். ராணுவமே ஒப்புதல் கொடுத்த முதலீடு என்று பலர் நம்பினார்கள். கேட்காமலேயே வாங்கி விற்றார். குடும்பங்களுக்கு நஷ்டம் 37 லட்சத்துக்கு மேல். அவருக்குக் கமிஷன் 14 லட்சத்துக்கு மேல். 2024இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 12 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை.

துக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரையும் சந்தேகித்திருப்பார்கள், சீருடைக்காரர்கள் அனுப்பிய ஆளைத் தவிர. அந்த ஒருவர் மீதான கோபம் நேர்மையான மற்றவர்கள் தலையிலும் விழுந்திருந்தால் வியப்பில்லை. இன்னமும் அவர்கள் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல்கள் இருக்கின்றன. உதாரணமாக, உயிரிழப்பு உதவித்தொகையையும் காப்பீட்டுப் பணத்தையும் ரோத் ஐஆர்ஏ என்ற வரியில்லா ஓய்வுக் கணக்கில், வழக்கமான ஆண்டு வரம்பைத் தாண்டியும் போடலாம். ஆனால் பணம் கைக்கு வந்த ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். நல்ல ஆலோசகர் இந்தக் கெடுவைச் சொல்வார், காலண்டரில் குறித்துக்கொள்ளச் சொல்வார். எந்த நிறுவனத்தில் போடலாம் என்று கேட்டால் மட்டும், ஒரு பெயரையும் சொல்ல மாட்டார்.