பழைய கேம் வாங்கினா தண்டம் கட்டணுமா?

இன்னைக்கு ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாம்.

2011-ஆம் வருஷம், அமெரிக்கா. ஒரு காலேஜ் பையன் கேம் கடைக்குப் போறான்னு வச்சுக்கோங்க. 'பேட்டில்ஃபீல்ட் 3' வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. புது டிஸ்க் 60 டாலர். பக்கத்திலேயே, யாரோ விளையாடி முடிச்சு வித்துட்டுப் போன டிஸ்க் 55 டாலர். அஞ்சு டாலர் மிச்சம்னு பழசை வாங்கிட்டு வர்றான். கன்சோல்ல போட்டு ஃப்ரெண்ட்ஸோட ஆன்லைன்ல விளையாடலாம்னு பார்த்தா, ஸ்க்ரீன்ல ஒரு கோட் கேக்குது. அந்த கோட் புது டப்பாவுக்குள்ள ஒரு சீட்டுல இருந்தது. முதல்ல வாங்கினவர் அதைப் போட்டு முடிச்சிட்டார். இப்போ புது கோட் வேணும்னா 10 டாலர். ஆக மொத்தம் 65. பழசு வாங்கினவனுக்குப் புதுசை விட அஞ்சு டாலர் கூடுதல் செலவு!

அந்தப் பையன் கற்பனை. கணக்கு உண்மை. இதுக்குப் பேரு 'ஆன்லைன் பாஸ்'.

இதை ஆரம்பிச்சு வச்சதுல முக்கியமானது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். 2010 ஜனவரியில வந்த 'மாஸ் எஃபெக்ட் 2'-ல புதுசா வாங்கினவங்களுக்கு ஒரு கோட் கொடுத்தாங்க. அதைப் போட்டா கூடுதல் கதாபாத்திரம், கூடுதல் மிஷன் எல்லாம் இலவசம். அதே வருஷம் மே மாசம், தங்களோட ஸ்போர்ட்ஸ் கேம்களுக்கும் ஆன்லைன் பாஸ் வரும்னு அறிவிச்சாங்க. 2011-க்குள்ள யுபிசாஃப்ட், சோனி, வார்னர்னு பெரிய பப்ளிஷர்கள் பலரும் இதே ரூட்டைப் பிடிச்சிட்டாங்க.

ஏன் இப்படிப் பண்ணாங்க? அவங்க பக்கத்தையும் கேட்டுடுவோம். ஒரு புது டிஸ்க் வித்தா பப்ளிஷருக்குப் பங்கு போகுது. அதே டிஸ்க் ரெண்டாவது, மூணாவது தடவை கை மாறும்போது ஒரு சென்ட் கூட போகாது. வர்றதெல்லாம் கடைக்குத்தான். கேம்ஸ்டாப் மாதிரி கடைகளுக்குப் புது கேம்ல கிடைச்ச லாபம் 20 சதவீதம் பக்கம். பழைய கேம்லயோ 40 சதவீதத்துக்கும் மேல. அதனால, வெளியாகி ஒரு வாரம்தான் ஆன கேமைக் கூட, 'பழசு இருக்கு, அஞ்சு டாலர் கம்மி'ன்னு காட்டி விக்கிறது கடைக்கு லாபம். ரெண்டு மூணு வருஷம் உக்காந்து அந்த கேமை உருவாக்கினவங்களுக்கு இதைப் பார்த்து வயிறு எரிஞ்சதுல ஆச்சரியமே இல்ல.

ரெண்டாவதா அவங்க சொன்ன காரணம், சர்வர் செலவு. ஆன்லைன் கேம்னா சர்வர் ஓடிக்கிட்டே இருக்கணும், அதுக்குக் காசு வேணும்.

இதைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். ஒரு டிஸ்க், ஒரு ஆள். அவர் வித்துட்டா அவர் விளையாட முடியாது. அவர் இடத்துல இன்னொருத்தர் வர்றார். சர்வர்ல ஒரே ஒரு சீட்தான், அதுக்கு முதல் ஆளே காசு கொடுத்தாச்சு. இதுக்கு ஒரு நியாயமான பதிலும் இருக்கு: முதல் ஆள் ரெண்டு மாசத்துல போரடிச்சு நிறுத்தியிருப்பார், டிஸ்க் கை மாறினதால அந்த சீட் வருஷக்கணக்கா ஓடுது. சரி, ஒத்துக்கலாம். ஆனா அதே வருஷம் அக்டோபர்ல வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி'யைப் பாருங்க. அதுல கேட்வுமன் வர்ற மிஷன்களை கோட் போட்டுப் பூட்டி வச்சாங்க. அது தனியா விளையாடுற கேம். கேட்வுமன் கூரை மேல ஏறிக் குதிக்க எந்த ஆன்லைன் சர்வரும் தேவையில்ல. சர்வர் செலவு வாதம் அங்கேயே அடிபட்டுப் போச்சு.

இதுல பலர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த 10 டாலரை உண்மையில யார் கட்டுறாங்க? பழசு வாங்குறவர்தானேன்னு தோணும். ஆனா பழைய டிஸ்க்குக்கு மேல 10 டாலர் செலவு இருக்குன்னு தெரிஞ்சா, யாரும் அதை 55-க்கு வாங்க மாட்டாங்க. கடை விலையைக் குறைக்கும். விக்க வர்றவருக்குக் கொடுக்குற காசையும் சேர்த்துக் குறைக்கும். அப்போ அடி யாருக்கு? வந்த முதல் நாளே 60 டாலர் கொடுத்துப் புதுசா வாங்கின ஆளுக்கு. அதாவது கம்பெனியோட நல்ல கஸ்டமருக்கு! பழசை வித்தா 25 டாலர் வரும், அதைப் போட்டு அடுத்த புது கேம் வாங்கலாம்னு கணக்குப் போட்டுத்தான் பலரும் 60 டாலர் கொடுக்குறாங்க.

சட்டம் என்ன சொல்லுது? இந்தச் சண்டை கேமுக்கு ரொம்ப முன்னாடியே நடந்தாச்சு. அமெரிக்காவுல ஒரு பதிப்பகம் தன்னோட நாவல்ல, 'ஒரு டாலருக்குக் கீழ விக்கக்கூடாது, வித்தா காப்பிரைட் மீறல்'னு அச்சடிச்சு வச்சது. மேசிஸ் கடைக்காரங்க 89 சென்ட்டுக்கு வித்தாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போச்சு. 1908-ல தீர்ப்பு: ஒரு பிரதியை வித்ததுக்கு அப்புறம், அது அடுத்து என்ன விலைக்குக் கை மாறணும்னு காப்பிரைட்டை வச்சுக் கட்டுப்படுத்த முடியாது. ஜப்பான்ல கேம் கம்பெனிகள் பழைய கேம் விக்கிற கடைகள் மேல வழக்குப் போட்டாங்க. 2002-ல அங்கேயும் சுப்ரீம் கோர்ட் கடைகள் பக்கம்தான் நின்னுது.

அப்போ மறுவிற்பனையில படைப்பாளிக்குப் பங்கே கூடாதா? அப்படியும் இல்ல. நம்ம இந்தியக் காப்பிரைட் சட்டத்துல 53A பிரிவு இருக்கு. ஒரு ஒரிஜினல் ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல மறுபடி விலை போனா, வரைஞ்சவருக்கு அதுல பங்கு கேக்க உரிமை உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். வித்தியாசத்தைக் கவனிங்க. அங்க பங்கு எடுக்குறது விற்ற விலையிலிருந்து. வாங்கினவர் வீட்டுச் சுவர்ல மாட்டின ஓவியத்தைத் திரை போட்டு மூடிட்டு, 'காசு கட்டினா திறக்குறோம்'னு யாரும் சொல்றதில்ல. கேமை உருவாக்கினவங்களுக்குப் பங்கு வேணும்னா, அதைப் பேச வேண்டிய இடம் 40 சதவீதம் எடுக்குற கடை. அந்தக் காலேஜ் பையன் இல்ல.

கடைசில என்ன ஆச்சு? 2013 மே மாசம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஆன்லைன் பாஸைக் கைவிட்டது. அடுத்த மாசம் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன்ல பழைய கேம் விக்கிறதுக்குக் கட்டுப்பாடு, 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்டர்நெட் செக்னு சொல்ல, பெரிய கலாட்டா ஆச்சு. சோனி ஒரு குட்டி வீடியோ போட்டுக் கலாய்ச்சது: 'எங்க கன்சோல்ல பழைய கேமைப் பகிர்றது எப்படி?' ஒருத்தர் டிஸ்க்கை நீட்டுறார், இன்னொருத்தர் வாங்கிக்கிறார். அவ்வளவுதான் வீடியோ! சில நாள்லயே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கிடுச்சு.

ஜெயிச்சாச்சுன்னு கை தட்டுறதுக்கு முன்னாடி, இன்னைக்கு நீங்க கேமை எப்படி வாங்குறீங்கன்னு யோசிங்க. டவுன்லோட்தானே? 2020-ல பிஎஸ்5 வந்தப்போ டிஸ்க் போட இடமே இல்லாத மாடலும் கூடவே வந்தது. டவுன்லோட் பண்ண கேமை யாருக்கும் விக்க முடியாது. ஸ்டீம்ல வாங்கினதை மறுபடி விக்க விடணும்னு பிரான்ஸ்ல ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2019-ல பாரிஸ் கோர்ட்ல ஜெயிச்சாங்க, 2022-ல அப்பீல்ல தோத்துட்டாங்க. கலிஃபோர்னியாவுல 2025-லிருந்து ஒரு சட்டம் இருக்கு: டிஜிட்டல் கடைகள் 'வாங்கு'ன்னு பட்டன் வச்சா, உங்களுக்குக் கிடைக்கிறது லைசென்ஸ் மட்டும்தான்னு தெளிவா சொல்லணும்.

ஆக, பழைய கேமுக்கு 10 டாலர் தண்டம் போட்டது அநியாயம்தான். ஆனா அப்போ பழைய கேம்னு ஒண்ணாவது இருந்தது. இப்போ தண்டம் இல்ல, ஏன்னா விக்கிறதுக்குப் பொருளே நம்ம கையில இல்ல.

அதனால அடுத்த தடவை டிஸ்க்கும் டவுன்லோடும் ஒரே விலையில இருந்தா, ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. டிஸ்க்கை விளையாடி முடிச்சதும் விக்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், ஃப்ரெண்டுக்குக் கடன் கொடுக்கலாம். அந்த வசதிக்கும் ஒரு விலை இருக்கு. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு வாங்குங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!