வீடியோ கேம் பேனலுக்கு நீங்களே ஸ்டிக்கர் டிசைன் செய்யலாம்!

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் தேய்வது எந்தக் கீ தெரியுமா? கேம் விளையாடும் பிள்ளைகள் இருந்தால் நான்கு ஆரோ கீகளும் ஸ்பேஸ் பாரும்தான். இதற்குத் தீர்வாக ஒரு பலகையில் ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்தி, யு.எஸ்.பி. வயர் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்து, பழைய வீடியோ கேம் கடை மெஷின் போலவே வீட்டில் விளையாடுபவர்கள் உலகெங்கும் உண்டு. 1997-ல் இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா மேம் என்ற சாப்ட்வேரை வெளியிட்டார். பழைய ஆர்கேட் மெஷின்களின் சர்க்யூட் செய்த வேலையைக் கம்ப்யூட்டருக்குள் செய்து காட்டும் சாப்ட்வேர் அது. அதன் பிறகு இந்தப் பொழுதுபோக்கு வேகம் பிடித்தது.

வயரிங் பெரிய விஷயம் அல்ல. என்கோடர் என்ற சிறிய போர்டில் பட்டன் வயர்களைச் செருகி, யு.எஸ்.பி. போர்ட்டில் இணைத்தால் விண்டோஸ் அதைக் கேம் கன்ட்ரோலர் என்று தானே தெரிந்து கொள்ளும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. பலகையின் மேல் ஒட்டும் படத்தைப் பற்றியது. ஓவர்லே என்பார்கள்.

வெறும் அழகுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். 1979-ல் அட்டாரி வெளியிட்ட ஆஸ்ட்ராய்ட்ஸ் மெஷினில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது. விளையாட ஐந்து பட்டன்கள். எது திருப்பும், எது சுடும், எது கப்பலை வேறு இடத்துக்குத் தூக்கிப் போடும் என்பதைக் காசு போடுபவருக்குச் சொன்னது ஓவர்லேயில் அச்சிட்ட எழுத்துதான். 1991-ல் கேப்காம் கொண்டு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் ஒரு ஆளுக்கு ஆறு பட்டன்கள். மேல் வரிசை குத்து, கீழ் வரிசை உதை. லேபிள் இல்லாவிட்டால் புது ஆள் என்ன செய்வார்?

நான் இதில் இறங்கியது என் தாய்மாமாவுக்காக. வேலூரில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது கடையை மூடி விட்டார். மெஷின்கள் பழைய இரும்புக்குப் போய் விட்டன. ஒரே ஒரு கன்ட்ரோல் பேனல் மட்டும் பரணில் கிடந்தது. அவரது அறுபதாம் கல்யாணத்துக்கு அதே தோற்றத்தில் புதிதாக ஒன்று செய்து கொடுக்க நினைத்தேன். பழைய பேனலில் ஒட்டியிருந்த படத்துக்கு வேறு பிரதியே கிடையாது. முதல் ஆட்டக்காரர் மணிக்கட்டு வைக்கும் இடத்தில் மை முழுதும் தேய்ந்து, மரம் தெரிந்தது. அதை உரித்தெடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எனவே உரிக்காமலே ஸ்கேன் செய்தேன். பட்டன்களையும் போல்ட்டுகளையும் கழற்றி, பலகையைத் துடைத்து மேஜையில் வைத்து, மெலிதான ஏ4 ஸ்கேனரின் மூடியை எடுத்து விட்டு, கண்ணாடி கீழே வரும்படி பலகை மேல் கவிழ்த்தேன். ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் மேல் 5 செ.மீ. ஏறி இருக்கும்படி, 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து, கிம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் ஒன்று சேர்த்தேன். மொபைலில் ஒரே போட்டோவாக எடுக்கலாமே என்று கேட்பீர்கள். லென்ஸ் ஓரங்களை வளைத்து விடும். பார்க்க நன்றாக இருக்கும், அளவு சரியாக இருக்காது.

டி.பி.ஐ. என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. என் பேனல் 600 மி.மீ. நீளம், 250 மி.மீ. அகலம். 600 மி.மீ. என்பது 23.6 அங்குலம். 300 டி.பி.ஐ.யில் அச்சிட சுமார் 7,087 பிக்ஸல் நீளமும் 2,953 பிக்ஸல் அகலமும் உள்ள படம் தேவை. இண்டர்நெட்டில் டவுன்லோட் செய்த 800 பிக்ஸல் படத்தை இதே நீளத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 34 புள்ளிகள்தான் வரும். மானிட்டரில் பளிச்சென்று தெரிந்த படம் பேனலில் கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான்.

இதிலிருந்து தப்பிக்க, படத்தைப் பிக்ஸலாக வைக்காமல் கோடுகளாக வரைந்து விடுவது நல்லது. எத்தனை பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும். இதற்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேர் போதும். ஸ்கேன் செய்த படத்தை அடியில் ஒரு லேயரில் வைத்துப் பூட்டி விட்டு, மேலே புது லேயரில் அச்சு எடுப்பது போல் வரைந்தேன். தேய்ந்து போன பகுதியை மாமாவின் பழைய கடை போட்டோ ஒன்றைப் பார்த்து ஊகித்து நிரப்பினேன். இன்னொரு விஷயம். பிரபல கேம் பாத்திரங்களின் படம் அந்தந்தக் கம்பெனிக்குச் சொந்தம். அதை அச்சிட்டு விற்கக் கிளம்பாதீர்கள். சொந்தமாக வரைவதே சுகம்.

வரையும் முன் பைல் மெனுவில் டாகுமெண்ட் ப்ராபர்டீஸ் சென்று அளவை மில்லிமீட்டருக்கு மாற்றி விடுங்கள். நான்கு பக்கமும் 15 மி.மீ. கூடுதலாக விட்டு, 630 க்கு 280 என்று பக்க அளவைக் கொடுத்தேன். ஓரத்தில் மடிக்கவும், ஒட்டும்போது சற்று நகர்ந்தாலும் சமாளிக்கவும் இது உதவும்.

அடுத்து துளைகள். இவற்றைத் தனி லேயரில் வையுங்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பழைய பேனலில் 28 மி.மீ. துளை இருந்தது. நான் வாங்கிய பட்டன்களுக்கு 30 மி.மீ. துளை வேண்டும். அது மட்டுமல்ல, பட்டனின் விளிம்பு துளையைத் தாண்டி 33 மி.மீ. வரை மூடியது. பட்டன்களின் மையங்களை 36 மி.மீ. இடைவெளியில் வைத்தால் இரண்டு பட்டன்களுக்கு நடுவே மிஞ்சுவது வெறும் 3 மி.மீ. அங்கே எழுத்து போட்டால் யாராலும் படிக்க முடியாது. லேபிள்களை மேல் வரிசைக்கு மேலும், கீழ் வரிசைக்குக் கீழும் கொண்டு போங்கள். ஜாய்ஸ்டிக்கின் அடியில் வரும் வட்டத் தட்டு எவ்வளவு மறைக்கிறது என்பதையும் ஸ்கேல் வைத்து அளந்து விடுங்கள்.

லேபிள்களைத் தமிழில் போட்டேன். குத்து, உதை, தொடங்கு. பிரிண்ட் கடைக் கம்ப்யூட்டரில் என் பைலைத் திறந்ததும் 'தொடங்கு' சிதறிப் போயிற்று. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்! அங்கே அந்த யூனிகோட் பாண்ட் இல்லை. வடிவமைப்பு முடிந்ததும் எழுத்துகளைத் தேர்வு செய்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் க்ளிக் செய்து, வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். எழுத்து படமாகி விடும், பாண்ட் தேவைப்படாது. கோரல்டிராவில் இதே வேலைக்குக் கண்ட்ரோல், க்யூ. பழைய பைலை அழித்து விடாதீர்கள், எழுத்துப் பிழை திருத்த அதுதான் வேண்டும்.

அப்படியும் என் முதல் பிரிண்ட் குப்பைக்குப் போனது. வினைலில் அச்சிட்டு மேட் லேமினேஷன் போட்டு, அழகாகச் சுருட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் பலகை மேல் விரித்தால் இடது ஜாய்ஸ்டிக் துளை பொருந்துகிறது, வலது ஓரத்துப் பட்டன் பொருந்தவில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். விசேஷத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அளந்து பார்த்ததும் புரிந்தது. அந்த மெஷினில் மாட்டியிருந்தது 24 அங்குல ரோல், அதாவது 610 மி.மீ. என் பைல் 630. ஆபரேட்டர் பக்கத்துக்குள் பொருத்து என்ற ஆப்ஷனில் விட்டிருக்கிறார். சாப்ட்வேர் படத்தை 96.8 சதவீதமாகச் சுருக்கி விட்டது. 400 மி.மீ. தள்ளி இருக்க வேண்டிய துளை 387-ல் வந்து நின்றது. படத்தைத் திருப்பி 280 மி.மீ. பக்கம் ரோலின் குறுக்கே வரும்படி வைத்திருந்தால் சுருக்கவே வேண்டியதில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். போஸ்டர் அடிக்க வருபவர்களுக்கு 3 சதவீதம் ஒரு பொருட்டல்ல. நான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது முறை வெட்டி எறியும் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, 'இது 100 மி.மீ. இருக்க வேண்டும்' என்று எழுதி விட்டேன். கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்து விடலாம். நீங்கள் அதற்கும் முன்னால் இன்னொன்று செய்யுங்கள். பி.டி.எப். பைலை அடோப் ரீடரில் திறந்து, பிரிண்ட் டயலாக் பாக்ஸில் போஸ்டர் என்பதைத் தேர்வு செய்து, அளவை 100 சதவீதம் வைத்து, சாதா ஏ4 தாள்களில் துண்டு துண்டாக அச்சிடுங்கள். செல்லோ டேப்பால் ஒட்டிப் பலகை மேல் வைத்துப் பாருங்கள். கைகளையும் வைத்துப் பாருங்கள். நான்கைந்து தாள்தான் செலவு.

நிறத்தில் ஏமாற்றம் வரும், எதிர்பார்த்தே இருங்கள். மானிட்டர் ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரிண்டர் மையால் காட்டுகிறது. திரையில் மின்னிய பச்சையும் நீலமும் அச்சில் மங்கும். கையகலத் துண்டு ஒன்றை முதலில் அச்சிடச் சொல்லிப் பாருங்கள். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். கறுப்பில் ஒவ்வொரு விரல் ரேகையும் தெரியும்.

ஒட்டுவது பொறுமை வேலை. வெறும் பிளைவுட்டில் வினைல் நிற்காது. சன்மைக்கா போட்டதோ நன்றாகத் தேய்த்து பெயிண்ட் அடித்ததோ வேண்டும். மரத்தூள் ஒரு துகள் இருந்தாலும் மேலே பரு போலத் தெரியும். நடுவில் டேப் போட்டு நிறுத்தி, பாதிப் பின்தாளை மட்டும் உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணி சுற்றிய அட்டையால் தேய்த்துக் கொண்டே போங்கள். பிறகு மறு பாதி. துளைகளை ஒட்டிய பிறகு, புது பிளேடால் வெட்டுங்கள். விளிம்பு கொஞ்சம் கோணினாலும் பட்டன் மறைத்து விடும்.

பழைய ஆர்கேட் மெஷின்களில் பாலிகார்பனேட் ஷீட்டின் அடிப்பக்கம் படத்தைத் தலைகீழாக அச்சிட்டார்கள். கை படுவது பிளாஸ்டிக்கில்தான், மையில் அல்ல. அந்த வசதி நமக்கு இல்லை. பெயர்ப்பலகை செய்யும் கடையில் 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட் வாங்கி மேலே மூடலாம். இந்த முறையில் ஸ்டிக்கர்கூட வேண்டாம், நல்ல தாளில் அச்சிட்டால் போதும். படம் பழசானால் மாற்றிக் கொள்ளலாம். நான் மேலே அக்ரிலிக்கும் போட்டேன், மாமாவின் மணிக்கட்டுக்காக. துளையிடும்போது அக்ரிலிக்கை இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து மெதுவாக ஓட்டுங்கள். அவசரப்பட்டால் விரிசல் விடும்.

விசேஷத்தன்று சாப்பாடு முடிந்து மாமா உட்கார்ந்து இருபது நிமிடம் விளையாடினார். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலால் தடவி மட்டும் பார்த்தார். பிறகு, "மாப்ளே, ரெண்டாவது பட்டன் அமுக்கினா மேல வர மாட்டேங்குது" என்றார். கழற்றிப் பார்த்தேன். அக்ரிலிக்கில் அந்தத் துளை அரை மில்லிமீட்டர் சிறியதாக இருந்து பட்டனை நெருக்கிக் கொண்டிருந்தது. வட்ட அரத்தால் இரண்டு சுற்று தேய்த்ததும் சரியாகி விட்டது.