செயின்சா ஏன் சீஸ் ஆகிறது?

ராயல் என்ஃபீல்டு பைக்குகளில் ஆயில் தனியாக ஊற்றப்படுகிறது. மரம் அறுக்கும் செயின்சாவோ டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் (பெரும்பாலும் 50-க்கு 1) அதற்கு உயிர். அது குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்; அதுதான் சீஸ்.

சீஸ் ஆன பழைய மெஷினா? முதலில் சைலன்சரைக் கழற்றுங்கள். ஓட்டை வழியே பிஸ்டன் தெரியும். புகை வெளியேறும் பக்கம்தான் சூடு அதிகம். அங்கே கீறல் இருந்தால் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது கிராங்க் சீல் வழியே காற்று புகுந்து பெட்ரோல் போதாமல் போயிருக்கலாம். கார்புரேட்டர் பக்கம் தேய்ந்திருந்தால், ஃபில்டரைத் தாண்டிய புழுதியைச் சந்தேகிக்கலாம். காரணத்தை விட்டுவிட்டு பிஸ்டனை மட்டும் மாற்றினால் லாபம் கடைக்காரருக்கே.

சிலிண்டர் சுவரில் அப்பியிருப்பது பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம். கையுறையோடு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது தொட்டுத் தடவினால் கரையும். உட்பூச்சு உரிந்திருந்தால் அமிலம் சிலிண்டரையே அரிக்கும். அப்போது புது சிலிண்டர்தான்.