தரையில் தேங்கும் ஆபத்து

அரிசி அளவு உலர் பனித் துகள்கள் அழுத்தக் காற்றில் பாய்ந்து, டயர் அச்சுகளில் படிந்த கசடைப் பெயர்க்கின்றன. தண்ணீர் இல்லை, மணல் இல்லை. தொழிற்சாலைகள் மயங்கியதில் வியப்பில்லை.

மைனஸ் 78.5 டிகிரி குளிருக்குக் கையுறை உண்டு, இரைச்சலுக்குக் காதடைப்பான். ஆனால் மறைந்துவிட்ட பனி கரியமில வாயுவாக அறையிலேயே இருக்கிறது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், மணமில்லை, பள்ளங்களில் தேங்கும். 2020 பிப்ரவரியில் மாஸ்கோ விருந்தொன்றில், புகைமூட்ட அழகுக்காக உள்ளரங்க நீச்சல் குளத்தில் சுமார் 25 கிலோ உலர் பனியைக் கொட்டினார்கள். மூவர் மாண்டனர். ஒரு மணி நேரத்தில் அதைவிட அதிகம் விழுங்கும் இயந்திரங்கள் உண்டு.

தூசி முகமூடி இங்கே வெறும் அலங்காரம். வாயுவை வெளியேற்றும் விசிறி தரையோரம் வேண்டும். இயக்குபவர் சட்டையில், அரை சதவீதத்திலேயே அலறும் வாயு மானி. நான்கு சதவீதத்தில் உயிருக்கே உடனடி ஆபத்து.