மருத்துவர் கல்வி முடிவதெப்போது?

புத்தளக் கரையோரத்தில் முன்னாளில் மலேரியாக் காய்ச்சலை அறியாத இல்லம் அரிது. மூன்றாண்டுக்கு மேலாக உள்ளூர்த் தொற்று காணப்படாமையின், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அந்நோயொழிந்த நாடெனச் சான்றளித்தது. பெரும் பேறே! எனினும் இதனுள் ஓரிடர் உளது. பின்னர்ப் பட்டம் பெற்ற வைத்தியருட் பலர் அந்நோயாளரைக் கண்ணாலும் கண்டிலர். நுளம்போ இன்னும் உண்டு. பிறநாடு சென்று மீள்வோர் கிருமியைக் கொணர்வதும் நின்றபாடில்லை. கற்பிட்டியிற் காய்ச்சலுடன் வருபவரிடம், "அண்மையில் எந்நாடு சென்றீர்?" என வினவ மறப்பின் உயிருக்கே ஆபத்தாம்.

பதிவைப் புதுப்பிக்க விரும்பும் வைத்தியர் தொடர்ந்து கற்றமைக்குச் சான்று காட்டல் வேண்டுமெனப் பல நாடுகள் விதிப்பது இத்தகைய மறதியை அஞ்சியே. இந்தியாவின் 2002ஆம் ஆண்டு விதிகள் ஐந்தாண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் என்றன. மணிகளை எண்ணுதல் எளிது. அவற்றுள் ஒன்றேனும் குருதிப் பூச்சை நுணுக்குக்காட்டியில் நோக்கிப் பழகுதற்கு ஒதுக்கப்படின் நன்று.